பழைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

கார்புரேட்டர் வைத்த பழைய பைக் மாதக்கணக்கில் ஓரமாக நின்றுவிட்டால், திரும்ப எடுக்கும் நாளில் அடம்பிடிக்கத்தான் செய்யும். உடனே பலரும் புது ஸ்பார்க் பிளக், புது காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), புது சி.டி.ஐ (பொறியின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) என்று வரிசையாக வாங்கி மாட்டுகிறார்கள். கோளாறு எங்கே என்று தெரியும்வரை எந்த உதிரிபாகமும் வாங்காதீர்கள். கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அதற்குப் பெரிய காசு தேவையில்லை.

இன்ஜின் ஓடுவதற்கு வேண்டியவை கொஞ்சம்தான்: சரியான அளவில் கலந்து வரும் பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் பிளக்கில் கரண்ட், சிலிண்டருக்குள் கம்ப்ரஷன், அதாவது அந்தக் கலவையை அமுக்கும் அழுத்தம். எது குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்து வண்டி ஸ்டார்ட் ஆனால், எதனால் ஆனது என்று கடைசிவரை தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, நல்ல ஸ்க்ரூடிரைவர். ஜப்பானியத் தயாரிப்புப் பழைய பைக்குகளில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் மாதிரி இருக்கும். ஆனால் அவை ஜே.ஐ.எஸ் என்ற வேறு அளவுமுறை. பிலிப்ஸ் டிரைவரைப் போட்டு முறுக்கினால் வழுக்கித் தலை தேய்ந்துவிடும். ஃப்ளோட் பௌல் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) ஸ்க்ரூக்கள் பலவும் இப்படித்தான் பாழாகின்றன. ஜே.ஐ.எஸ் டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் எட்டிவிடும்.

படி 1: வெட்கப்படாமல் பார்க்க வேண்டியவை

கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) ஆஃப் நிலையில் இருக்கிறதா? பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்கு மாற்றிப் பார்த்தீர்களா? ஃபியூஸ் போயிருக்கிறதா? பேட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கிறதா? இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

படி 2: பிளக் என்ன சொல்கிறது

சோக் போட்டு ஆறேழு தடவை கிக்கர் அடித்துவிட்டு, உடனே பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

பிளக் நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால், பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. கரண்ட்டைச் சோதியுங்கள், படி 3. எலும்பு மாதிரி காய்ந்திருந்தால் பெட்ரோலே உள்ளே வரவில்லை. நேராகப் படி 4. பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியிருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம் (ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை சகஜம்). காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. அப்போது கார்புரேட்டரைத் தொடும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஓடும் வண்டியில் பிளக் இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சூடாகிறது.

படி 3: கரண்ட் வருகிறதா?

பிளக்கைத் துடைத்து, வயர் முனையில் உள்ள கேப்பில் செருகி, அதன் மரை இன்ஜினின் வெறும் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். இக்னிஷனைப் போட்டுக் கிக்கர் அடியுங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு நீலப்பொறி பறந்தால் சரி. மஞ்சளாக மங்கிய பொறி என்றால் பலம் போதாது. பிளக்கை எர்த்தில் படாமல் அந்தரத்தில் விட்டு உதைக்காதீர்கள், சி.டி.ஐ யூனிட்டே போய்விடக்கூடும்.

பொறி இல்லையென்றால் மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் வேறு பிளக். அடுத்து கேப்: அதை வயரிலிருந்து திருகிக் கழற்றி, வயர் முனையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகினாலே பல வண்டிகளுக்கு உயிர் வந்துவிடும். ரெசிஸ்டர் உள்ள கேப்பில் மல்டிமீட்டர் பெரும்பாலும் 5 கிலோ ஓம் பக்கம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் கேப் போய்விட்டது. அதன் பிறகு கில் சுவிட்ச் வயரை இன்ஜின் பக்கம் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இப்போது பொறி வந்தால் கோளாறு சுவிட்சில். இது கில் சுவிட்ச் எர்த் செய்து அணைக்கும் வண்டிகளுக்கு மட்டும், குறிப்பாக ஆஃப் ரோடு பைக்குகளுக்கு. பாயின்ட்ஸ் (சி.டி.ஐ-க்குப் பதிலாகத் திறந்து மூடிப் பொறி வரவைக்கும் முனைகள்) வைத்த வண்டி என்றால் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியைச் சரிபாருங்கள், பெரும்பாலும் 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 இருக்கும். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் கணக்கு.

படி 4: பெட்ரோல் கார்புரேட்டர்வரை வருகிறதா?

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் ஃபில்டரோ டேப்போ அடைத்திருக்கிறது. டேங்குக்குள் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். (வேக்குவம் டேப் வைத்த வண்டியில் இன்ஜின் சுற்றினால்தான் பெட்ரோல் வரும், அதில் பிரைம் நிலைக்கு மாற்றிச் சோதியுங்கள்.)

கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது, சிறிது நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகிறது என்றால், நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இதைக் காயில் சூடாகிறது என்று நினைத்துக் காயிலை மாற்றுகிறவர்கள் உண்டு.

படி 5: கார்புரேட்டர்

நின்று கிடந்த வண்டியில் குற்றவாளி பெரும்பாலும் பைலட் ஜெட், அதாவது ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஃப்ளோட் பௌலில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் அதை அடைத்துவிடும். அடையாளம் எளிது: சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும்.

பௌல் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து பழைய பெட்ரோலை வெளியேற்றுங்கள். துருவோ தண்ணீரோ வந்தால் பௌலையே கழற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; நடுவில் வட்டமான ஒளிப்புள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைப்பு இன்னும் இருக்கிறது. ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு மறுபடி அடியுங்கள். கண்ணில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எதிர்த் துளையில் பீய்ச்சியடிக்கும். அப்படியும் போகாவிட்டால் வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ஊசியும் இரும்புக் கம்பியும் வேண்டவே வேண்டாம், ஜெட் பித்தளை. துளை பெரிதானால் அளவே மாறிவிடும்.

ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அதே அளவு. குறிக்க மறந்திருந்தால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம்.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பரை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்க மறுத்தால் அங்கே காற்று கசிந்துகொண்டிருக்கலாம்.

படி 6: கம்ப்ரஷன்

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, இன்னும் ஓடவில்லை. கிக்கர் காலுக்குக் கனமே இல்லாமல் இறங்குகிறதா? ஃபோர் ஸ்ட்ரோக்கில் முதலில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) பாருங்கள்; இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது. அது சரியாக இருந்தால் முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்துகொண்டு, பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இதற்கு மேல் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். முதல் தடவையாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தண்ணீரில் இறங்கிய வண்டி

ஆஃப் ரோடு பைக்கோ நான்கு சக்கர குவாடு பைக்கோ ஓடையில் நின்றுபோனால் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டரையும் ஃப்ளோட் பௌலையும் வடித்துவிட்டு, தண்ணீர் வெளியேறி நிற்கும்வரை கிக்கரால் மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு ஆயில் பார்க்கும் கண்ணாடியைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போய், ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். சிறிது ஓட்டியபின் மறுபடி பாருங்கள். ஒரு தடவையில் தெளியாது, இன்னும் ஒன்றிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும்.