மெக்கானிக்கல் ஃபிலிம் கேமரா: புதிதாக வாங்குவதா, பழையதைத் தேடுவதா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கான வழிகாட்டி

பேட்டரி இல்லாமலே ஷட்டர் இயங்கும் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்க விரும்புபவர் புதுச்சேரியிலோ கடலூரிலோ வசிப்பவராக இருந்தால், பழையதையே வாங்கும்படிதான் நான் சொல்வேன். ஆனால் பழைய கேமராவின் விலையை மட்டும் கணக்கிட்டுப் பணம் சேர்க்கக் கூடாது; அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டுத் தரும் சர்வீஸ் செலவையும் விலையின் ஒரு பகுதியாகவே தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணாதவர்கள்தான் மலிவாகக் கிடைத்தது என்று எதையாவது வாங்கி, இரண்டு ரோல்களுக்குப் பிறகு அலமாரியில் பூட்டி வைத்துவிடுகிறார்கள்.

புதியது வேண்டாம் என்பதற்குக் காரணம் வெறுப்பன்று. கடையில் அப்படி ஒன்று ஏறக்குறைய இல்லை என்பதுதான் உண்மை. 2006 ஜனவரியில் நிக்கான் நிறுவனம் தன் ஃபிலிம் கேமராக்களில் எஃப்6, எஃப்எம்10 ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது. பிற்பாடு அந்த இரண்டும் நின்றுபோயின. இன்று முழு மெக்கானிக்கல் ஷட்டருடன், எல்லா வேகங்களுடனும் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் 35 மி.மீ. கேமரா வேண்டுமென்றால் நடைமுறையில் லைக்கா எம் வரிசையைத்தான் நாட வேண்டும். அதில் எம்-ஏ மாடலில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் இல்லை, பேட்டரியும் இல்லை. எம்பி மாடலிலும் 2022-இல் மறுபடி வெளிவந்த எம்6 மாடலிலும் மீட்டருக்கு மட்டும் பேட்டரி தேவைப்படும். எம்6 வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை 5,295 டாலர், அதுவும் லென்ஸ் இல்லாமல். நம் நாட்டு வரிகளும் லென்ஸின் விலையும் சேர்ந்தால் ஒரு நல்ல காரின் விலையை நெருங்கிவிடும். உத்தரவாத அட்டையும் ரேஞ்ச்ஃபைண்டரும் (இரு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் அமைப்பு) வேண்டும், பணமும் இருக்கிறது என்பவர் தாராளமாக வாங்கலாம். அவருக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது.

புதியவை என்று கண்ணில் படும் மற்ற இரண்டு வகைகளைப் பற்றி ஒரு சொல். 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 நல்ல கேமராதான்; லீவரைக் கையால் இழுத்து ஃபிலிமை நகர்த்துவதால் பலர் அதை மெக்கானிக்கல் என்று நம்பிவிடுகிறார்கள். அதன் எக்ஸ்போஷர் மின்னணுச் சுற்றால் நிகழ்வது; பேட்டரி தீர்ந்தால் படம் எடுக்காது. கோடாக் பெயரில் வரும் எக்டார் எச்35 போன்ற பிளாஸ்டிக் கேமராக்களில் ஷட்டர் வேகம் 1/100 நொடி, அபெர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) எஃப்/9.5 என்று இரண்டும் மாறாதவை. ஒரு ரோலில் 72 படம் வரை கிடைக்கும் என்பதால் விளையாட்டாக எடுக்க ஏற்றது, கற்றுக்கொள்ள ஏற்றதன்று.

இவற்றைவிட ஏமாற்றம் தருவது, ‘பெட்டி பிரிக்காத புத்தம் புதியது’ என்று வரும் பழைய சரக்கு. முப்பது ஆண்டுகள் பெட்டியில் தூங்கிய கேமராவில் மசகு எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும், பின்கதவின் நுரைப்பட்டை தாராக உருகியிருக்கும். வாரந்தோறும் கல்யாணத்துக்குப் போய் வந்த ஸ்டுடியோ கேமரா, வெளியே பித்தளை தெரியத் தேய்ந்திருந்தாலும், உள்ளே இதைவிட ஆரோக்கியமாக இருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

பழையவற்றில் எதைத் தேடுவது? பென்டாக்ஸ் கே1000 (1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்டது), நிக்கான் எஃப்எம் (1977), எஃப்எம்2 (1982), மினோல்டா எஸ்ஆர்டி 101 (1966), ஒலிம்பஸ் ஓஎம்-1 (1972) ஆகியவை எல்லாம் பேட்டரி இல்லாமல் எல்லா வேகங்களிலும் இயங்குபவை. முதன்முதலாக வாங்குபவருக்கு கே1000 அல்லது எஃப்எம் போதும். எஃப்எம்2-வின் 1/4000 நொடி வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, கடற்கரை வெயிலில் அபெர்ச்சரை அகலத் திறந்து எடுக்கும் பழக்கமுள்ளவருக்கே பயன்படும். எஃப்எம்2 வாங்குபவர் ஏஐ (நிக்கான் லென்ஸ்களில் ஒரு வகையின் பெயர்) வகை லென்ஸ்களை மட்டுமே மாட்ட வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நிக்கான் பெயரில் கோசினா தயாரித்துக் கொடுத்த எஃப்எம்10 பிளாஸ்டிக் உடம்பு கொண்டது என்றாலும், அதன் ஷட்டரும் மெக்கானிக்கல்தான். விலை குறைவாகக் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. கேனன் ஏஇ-1, யாஷிகா எலக்ட்ரோ 35 ஆகிய இரண்டையும் விற்பவர்கள் அடிக்கடி ‘மெக்கானிக்கல்’ என்று சொல்லி நீட்டுவார்கள். இரண்டும் பேட்டரியை நம்பியவை.

எஸ்ஆர்டி 101, ஓஎம்-1 ஆகியவற்றின் மீட்டர்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் தவறான அளவைக் காட்டும். காதுக் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட் தருவதால், சுற்றிலும் ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் ஏறக்குறையச் சரியாக வேலை செய்யும். மீட்டரே செத்திருந்தாலும் ஷட்டர் நன்றாக இருக்கும் கேமராவை ஒதுக்க வேண்டாம். கைப்பேசியில் மீட்டர் செயலி இருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு நியாயமான காரணமும் ஆகும்.

எங்கே கிடைக்கும் என்றால், புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தை, பழம்பொருள் கடைகள், மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் டிஜிட்டலுக்கு மாறிவிட்ட ஸ்டுடியோக்காரர்கள், இணையம், உறவினர் வீட்டுப் பீரோ ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றில் ஸ்டுடியோக்காரரிடம் வாங்குவதையே நான் விரும்புவேன், ஏனெனில் அவருடைய கேமரா எப்போது, எதற்காகப் பழுது பார்க்கப்பட்டது என்பதை அவர் சொல்லிவிடுவார். ஜப்பானிலிருந்து இணையம் வழியாக வரவழைப்பவர்கள், சுங்க வரியையும் திருப்பி அனுப்ப முடியாத நிலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சந்தையில் விற்பவர், “சார், ஷட்டர் கணீர்னு அடிக்குது, நீங்களே அடிச்சுப் பாருங்க” என்பார். அடித்துப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் சத்தத்தை நம்பி அன்று. கையில் ஒரு சிறிய டார்ச் விளக்கும், நொடிக்கு 240 காட்சிகள் பதிவு செய்யும் ஸ்லோ மோஷன் வசதியுள்ள கைப்பேசியும் இருக்கட்டும். லென்ஸைக் கழற்றிப் பின்கதவைத் திறந்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கேமராவைப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து ஷட்டரைப் பதிவு செய்யுங்கள். 1/30 நொடி வேகத்தில் வெளிச்சம் தெரியும் காட்சிகள் எட்டு இருக்க வேண்டும். 1/60 நொடியில் நான்கு. ஒரு நொடியில் 240. ஒரு நொடி வேகம் இரண்டு நொடியாக இழுத்தால், அல்லது பாதியில் சிக்கி நின்று பிறகு மூடினால், மெதுவான வேகங்களைக் கட்டுப்படுத்தும் பற்சக்கரத் தொகுதியில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். இது சர்வீஸில் சரியாகக் கூடியதே. எட்டுக்குப் பத்து காட்சிகள் வந்தால் கவலைப்பட வேண்டாம். கலர் நெகட்டிவ் ஃபிலிம் அந்த அளவு கூடுதல் வெளிச்சத்தைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும்.

கே1000, ஓஎம்-1 போன்றவற்றின் ஷட்டர் திரை துணியாலானது. அதில் சுருக்கமோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்எம் வகையில் உலோக இதழ்கள். அவற்றில் எண்ணெய்க் கறையோ விரல் பட்ட பள்ளமோ இருந்தால் வேண்டாம். இதழ்களை நீங்களும் தொட வேண்டாம்.

அடுத்து லென்ஸ். நம் கடற்கரையில் பழைய கேமராவைக் கொல்வது ஷட்டர் கோளாறைவிட ஃபங்கஸ்தான். ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்க, ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவரே பூத்துப்போகும் ஊரில், தோல் உறைக்குள் மூடி வைத்த லென்ஸின் கண்ணாடிகளுக்கிடையே பூஞ்சை வேர்விட நாள் பிடிக்காது. அபெர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். தூசிப் புள்ளிகள் படத்தைக் கெடுப்பதில்லை, அவற்றை விட்டுவிடலாம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெண்ணிற இழைகள் மெல்லிய வேர்களாகக் கிளை பிரிந்து ஓடினால் அது ஃபங்கஸ். கண்ணாடி முழுவதும் மூச்சு பட்டது போன்ற வெண்படலமாகத் தெரிந்தால் அதை ஹேஸ் என்பார்கள், அது வெயிலை எதிர்த்து எடுக்கும் படங்களை வெளுத்துவிடும். ஓரத்தில் தொடங்கிய ஃபங்கஸைத் துடைத்துவிடலாம். நடுவில் முற்றியது மேல்பூச்சை அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. இத்தகைய லென்ஸுடன் நல்ல பாடி கிடைத்தால், பாடியை மட்டும் விலை பேசி, 50 மி.மீ. லென்ஸைத் தனியாக வேறு இடத்தில் வாங்கிக்கொள்வதே உத்தமம்.

பிறகு அடிப்பகுதியைத் திருப்பி, டிரைபாட் துளையையும் ஸ்டிராப் வளையங்களையும் திருகுகளையும் கவனியுங்கள். அங்கே பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் உப்புக்காற்று வேலை செய்திருக்கிறது. திருகுகளின் தலை தேய்ந்து சிதைந்திருந்தால் தெரியாத கை ஒன்று திறந்து பார்த்திருக்கிறது. பேட்டரி அறையின் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஃபோகஸ் வளையத்தைச் சுற்றும்போது நறநறவென்றால் மணல் போயிருக்கிறது.

வெள்ளத்தில் நனைந்த கேமராவைக் கண்டுபிடிப்பது இவ்வூர்க்காரர்கள் கற்க வேண்டிய தனிப் பாடம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைப் பதம் பார்த்தவை உண்டு. தண்ணீர் புகுந்த வீட்டிலிருந்து வந்த கேமராவை வெயிலில் காயவைத்துத் துடைத்துவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. பின்கதவின் உட்புறம் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் துருப்புள்ளிகள் இருக்கின்றனவா, ஃபிலிம் அறையின் மூலைகளில் வண்டல் படிந்திருக்கிறதா, வியூஃபைண்டரின் ஓரங்களில் நீர்க்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த பிளேட் ஒவ்வொரு நெகட்டிவிலும் கீறல் போடும். இதில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மாறாக, பின்கதவின் நுரைப்பட்டை பிசுபிசுத்து விரலில் ஒட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்த வயதுக் கேமராக்கள் எல்லாவற்றிலும் அது கெட்டுத்தான் இருக்கும், மாற்றும் செலவும் சிறியது. ஆனால் மாற்றாமல் ஃபிலிம் போட்டால் படத்தின் ஓரங்களில் வெளிச்சம் கசியும்.

விலை பேசும்போது ‘சர்வீஸ் பண்ணியது’ என்ற வார்த்தைக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். யார் செய்தார், எப்போது, எதைச் சரிசெய்தார் என்று கேளுங்கள். பில் இருந்தால் நல்லது. மெக்கானிக்கல் கேமராவைத் திறந்து ஷட்டர் வேகத்தைச் சீராக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதால், பெரும்பாலும் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பே ஒருவரிடம் தொலைபேசியில் அந்த மாடலைச் சொல்லித் தோராயமான செலவைக் கேட்டுவைத்துக்கொண்டால், விலை பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும்வரை திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பையும் எழுத்தில் கேளுங்கள். தெரிந்தவர் மறுக்கமாட்டார்.

அந்தச் சோதனை ரோலை வீணாக்காமல் எடுக்க ஒரு முறை உண்டு. 200 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டு, லீவரை இழுக்கும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழும் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால்தான் ஃபிலிம் நகர்கிறது. மேகமில்லாத நண்பகலில், ஒயிட் டவுனில் வெயில் முழுதாக விழும் ஒரு வெற்றுச் சுவரைத் தேர்ந்தெடுத்து, 1/125 நொடிக்கு எஃப்/22, 1/250-க்கு எஃப்/16, 1/500-க்கு எஃப்/11, 1/1000-க்கு எஃப்/8 என்று அதே சுவரை நான்கு முறை எடுங்கள். நான்கிலும் ஃபிலிமில் விழும் வெளிச்சம் ஒன்றே என்பதால், நெகட்டிவில் நான்கும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். 1/1000-இல் எடுத்தது மட்டும் ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தால், ஷட்டரின் இரு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. பிரிண்டையோ ஸ்கேனையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். கழுவுபவர் அங்கே வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டிருப்பார். நெகட்டிவையே கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ரோலின் மீதியில், கடற்கரைச் சாலையிலிருந்து தொலைவில் தெரியும் படகு ஒன்றை ஃபோகஸ் வளையத்தின் கடைசி முனையில் வைத்து, அபெர்ச்சரை அகலத் திறந்து எடுங்கள். அது தெளிவாக விழாவிட்டால் லென்ஸை யாரோ பிரித்துத் தவறாகப் பூட்டியிருக்கலாம்.

வாங்கியபின் தோல் உறையைத் தூக்கி எறியுங்கள். ஃபங்கஸ் அதில்தான் குடியிருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், ஒரு சிறிய ஈரப்பதமானியும் போட்டு, அளவு 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமாக வறுத்து மறுபடி போடலாம். அரிசி டப்பாவில் புதைத்து வைக்கச் சொல்வார்கள், அந்தத் தூசு லென்ஸுக்குள் போவதற்கு மட்டுமே அது உதவும். ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்து ஓரிரு மணி நேரம் கழித்தே டப்பாவைத் திறக்க வேண்டும். படம் எடுக்காத மாதங்களிலும் கேமராவை வெளியே எடுத்து, மெதுவான வேகங்கள் உட்பட எல்லா வேகங்களிலும் சில முறை ஷட்டரை அடித்துவிட்டு, லீவரை இழுக்காத நிலையில் திரும்ப உள்ளே வையுங்கள்.