குழந்தையைப் பார்த்துக்கொள்ள, பணத்துக்குப் பதில் வேலை

வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு யோசனை. சில பெற்றோருக்கு மாதக் கட்டணம் பாரமாக இருக்கும், ஆனால் கையில் ஒரு தொழில் இருக்கும். என்னிடம் பிள்ளையை விடும் ஒரு அம்மாவுக்குத் தையல் தெரியும். மாதம் 4,000 ரூபாயில் பாதியை ஜாக்கெட், திரைச்சீலை, குழந்தைகளின் மெத்தை உறை என்று தைத்தே கழித்துவிடுகிறார். மீதி பணமாக வந்துவிடும். பாலுக்கும் கரண்ட் பில்லுக்கும் பணம்தானே வேண்டும்!

மணிக்கு மணி என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். வெளியாளிடம் வாங்கும் கூலி எவ்வளவோ, அதையே இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். லைனிங் ஜாக்கெட் 400 என்றால் ஐந்து ஜாக்கெட்டில் 2,000 கழிந்தது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் சேர்ந்து பாருங்கள். பாக்கியை அடுத்த மாதத்துக்கு மேல் இழுக்க விடாதீர்கள்.

அப்புறம், காய்ச்சல் என்று குழந்தை வராத நாளுக்கு என்ன கணக்கு? இதை முதல் நாளே பேசிவிடுங்கள். எங்களுக்குள் மனவருத்தம் வந்தது இதில்தான்.

அமெரிக்காவில் இருப்பவர்கள், இப்படி வாங்கும் வேலையின் சந்தை மதிப்பையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.