நோவாவையும் பழைய வெள்ளக் கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1872-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இன்றைய ஈராக்கிலுள்ள நினிவேயில் கிடைத்த களிமண் பலகை ஒன்றை வாசித்தார். மலையில் தரைதட்டிய கப்பல், உட்கார இடமில்லாமல் திரும்பி வந்த புறா என்று நோவா கதை போலவே இருந்தது. அது கில்கமேஷ் காவியம் என்ற பழைய பாபிலோனியக் கதையின் 11-ஆம் பலகை. அன்றிலிருந்து ஒரு கூட்டம் "பைபிள் காப்பியடித்தது" என்கிறது. இன்னொரு கூட்டம் "பார், பைபிள் நிரூபணமாகிவிட்டது" என்கிறது.

இரண்டுமே அவசரம். அத்ராகசிஸ் என்ற பாபிலோனியக் கதையின் பிரதி கி.மு. 17-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஆபிரகாம் புறப்பட்ட தேசமே அதுதான். அந்த மண்ணின் கதை இஸ்ரவேலருக்குத் தெரிந்திருந்தால் விசுவாசத்துக்கு என்ன கெட்டுப்போகிறது? அதேபோல, கிரேக்கரின் டியூகாலியன் கதை, சதபத பிராமணம் என்ற வேத நூலில் வரும் மனுவும் மீனும் என்று பட்டியல் போட்டு எண்ணிக்கையைக் காட்டுவதும் வீண். ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களிடம் வெள்ளக் கதை இருப்பதில் ஆச்சரியமில்லை. கதை என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது, மற்ற கதைகளில் இரக்கமே இல்லை என்று பிரசங்கத்தில் அடித்துவிடுவது அடுத்த தவறு. மனிதர் போடும் சத்தத்தில் தூக்கம் கெட்டுப்போன என்லில் என்ற பாபிலோனியத் தேவன் வெள்ளத்தை அனுப்புகிறான், உண்மைதான். ஆனால் ஏயா என்ற இன்னொரு தேவன் நாணல் சுவரிடம் பேசுவதுபோல் பேசி ஒருவனை எச்சரிக்கிறான். பிறகு என்லிலிடமே, பாவம் செய்தவனை மட்டும் தண்டித்திருக்கலாமே என்று வாதாடுகிறான். பிள்ளைகள் மீன்குஞ்சுகள்போல் கடலை நிரப்பிக் கிடப்பதைப் பார்த்து இஷ்தார் என்ற தேவி அலறுகிறாள். இதையெல்லாம் மறைத்தால், படித்தவர் யாராவது சபையில் கேட்கும்போது பதில் இருக்காது.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளம் வடிந்து பலியிட்டதும், கில்கமேஷில் தேவர்கள் நறுமணம் முகர்ந்து ஈக்களைப்போல் மொய்க்கிறார்கள். அத்ராகசிஸைப் படித்தால் காரணம் புரியும்: பலி படைக்க ஆளில்லாமல் அவர்கள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். ஆதியாகமத்திலும் கர்த்தர் சுகந்த வாசனையை முகர்கிறார், ஆனால் அங்கே பசி இல்லை. இனி பூமியைச் சபிப்பதில்லை என்ற தீர்மானம்தான் வருகிறது.

அதற்கு அவர் சொல்லும் காரணத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆதியாகமம் 6:5-இல் மனிதனின் இருதய நினைவுகள் பொல்லாதவை என்பதால் வெள்ளம். 8:21-இலும் மனிதனின் இருதயம் சிறுவயது தொடங்கிப் பொல்லாதது என்றே சொல்லப்படுகிறது. இந்த முறை அழிக்காமல் இருப்பதற்குக் காரணமாக! மனிதன் திருந்திவிட்டான் என்று எங்கும் இல்லை. எட்டுப் பேர் மிஞ்சினார்கள், அவர்களில் நோவாவே குடித்துவிட்டுக் கிடக்கிறார். உடன்படிக்கை அவர்களோடும், பேழையிலிருந்து இறங்கிய மிருகங்களோடும்தான் செய்யப்படுகிறது. வெள்ளக் கதையைக் கோபத்தின் கதையாக மட்டும் சொல்பவர்கள் 6:6-இல் கர்த்தருடைய மனம் நொந்ததையும், 8:1-இல் அவர் நோவாவை நினைத்தருளியதையும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், நோவா 120 வருஷம் பிரசங்கித்தார், ஊரே சிரித்தது என்று ஞாயிறு பள்ளியில் சொல்வது. ஆதியாகமத்தில் வெள்ளம் முடியும்வரை நோவா ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவரை நீதியைப் பிரசங்கித்தவர் என்பது 2 பேதுரு 2:5. 120 வருஷம் 6:3-இல் வருகிறது, ஆனால் பிரசங்கத்தின் கணக்காக அல்ல. சிரித்த ஊர் பைபிளில் எங்கேயும் இல்லை.

கடைசியாக, இருப்பதிலேயே மோசமான தவறு: எங்காவது வெள்ளமோ சுனாமியோ வந்தவுடன், செத்தவர்களின் பாவம் என்று நோவாவைக் காட்டித் தீர்ப்புச் சொல்வது. மாம்சமான யாவும் இனி வெள்ளத்தால் அழிவதில்லை என்ற வாக்கை வாசித்த பிறகும் அந்த வேதப்பகுதியை இப்படிப் பயன்படுத்த எப்படி மனம் வருகிறதோ. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அங்கே குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். மனந்திரும்பும்படி அவர் சொன்னது, உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம்.