பாதிக் கதையில் புது விதிகள்: டி அண்ட் டி 2024-க்கு மாறுகிறவர்களுக்கு

டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு பகடை உருட்டிச் சேர்ந்து கதை நடத்தும் மேசை விளையாட்டு. அதற்கு 2024-இல் வந்த புது விதிப் புத்தகத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. 2014 விதிகளில் உங்கள் கதை நன்றாக ஓடுகிறதா, ஓடட்டும். 2000-இல் மூன்றாம் பதிப்பு, 2003-இல் மூன்றரை, 2008-இல் நாலாவது என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் விதி மாறும்போதெல்லாம் பாதிப் பேர் கொண்டாடுவதும் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் வழக்கம்தான். நான் இரண்டு பாதியிலும் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஞாயிறு மத்தியானம் எங்கள் மாடியில் நடக்கும் ஆட்டத்துக்கு டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தும் ஆள், நான். மாறலாம் என்று முடிவு செய்தவர்களுக்கு, எங்கள் மேசையில் எது சரிப்பட்டு வந்தது, எது வரவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் பணத்தை எடுக்காதீர்கள். புது விதிகளின் அடிப்படைத் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.2, 2025-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளிவந்துவிட்டது. ஃபைட்டர் (போர்வீரர்), பாலடின் (புனித வீரர்) மாதிரி ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு உட்பிரிவுதான் அதில் இருக்கும். ஆனால் பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். பிடித்தால் மேசைக்கு ஒரு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (ஆடுபவர்களுக்கான விதிப் புத்தகம்), எல்லாரும் காசு போட்டு. மான்ஸ்டர் மேனுவலுக்கு அவசரமே இல்லை, பழைய பூதங்கள் புது விதிகளிலும் நடமாடும். கேரக்டர்கள்தான் முன்பைவிடப் பலசாலிகள் ஆகிவிட்டார்கள். அதனால் பழைய சாகசத்தை நடத்தும்போது எதிரியின் எச்பியை (உயிர்ப் புள்ளிகளை) ஏற்றுவதைவிட ஒன்றிரண்டு எதிரிகளைக் கூடுதலாக இறக்குங்கள், சண்டை இழுக்காது.

மாறும் நேரம் முக்கியம். எங்கள் கதை நம்ம ஊர் மண்ணிலேயே நடக்கிறது. பொருநை ஆறு, பொதிகை மலை, தேரிக்காடு எல்லாம் வரைபடத்தில் உண்டு. மாறலாம் என்று முடிவு செய்தபோது எங்கள் கேரக்டர்கள் ஆதிச்சநல்லூர் மாதிரியான ஒரு தாழிக்காட்டுக்கு அடியில் சுரங்கத்தில் கிடந்தார்கள். அங்கே வைத்து விதியை மாற்றினால் ஒருத்தருக்கும் கை ஓடாது. வெளியே வந்து, ஊருக்குள் ஒரு மாதம் ஓய்வு என்று கதையில் இடைவெளி விட்டு மாற்றினோம்.

கேரக்டரின் விவரம் எழுதும் ஷீட்டை ஒட்டுப்போட்டுத் திருத்தாமல் புதுத் தாளில் எழுதுங்கள். புதுப் புத்தகத்தில் திறன் எண்கள் கூடுவது இனத்தால் இல்லை, பின்னணியால். கூடவே ஒரு ஆரம்ப ஃபீட்டும் (சிறப்புத் திறமை) கிடைக்கும். ஏற்கெனவே விளையாடும் கேரக்டருக்கு எண்களைத் தொடாதீர்கள், ஃபீட்டை மட்டும் கொடுங்கள். சித்தி மகள் விளையாடுவது ஹாஃப்-எல்ஃப் இனம். புது ஹேண்ட்புக்கில் அது இல்லை. ஏன் எடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. பழைய புத்தகத்து இனங்களை வைத்துக்கொள்ள அவர்களே வழி விட்டிருப்பதால் அவள் அப்படியே தொடர்கிறாள்.

இனி ஆயுத மாஸ்டரி, ஆயுதத்துக்கு ஒரு தனி வித்தை தரும் புது விதி. இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், மேசையின் வேகத்தைக் கெடுப்பதும் இதுதான், கலகலப்பாக்குவதும் இதுதான். என் மச்சான் பள்ளிக்கூட நாளில் சிலம்பம் பழகினவன். அவனுடைய ஃபைட்டருக்குக் கம்புதான் ஆயுதம். 2014-இல் கம்பு என்றால் சேதம் 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று), இரண்டு கையால் பிடித்தால் 1டி8, கதை முடிந்தது. இப்போது கம்புக்கு டாப்பிள் உண்டு. அடி பட்டதும் எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் உறுதியால் தாங்கிக்கொள்ளப் பகடை உருட்டுவது) போட வேண்டும், தவறினால் கீழே விழுவான். விழுந்தவனைப் பக்கத்தில் நின்று அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ், அதாவது டி20-ஐ (இருபது முகப் பகடை) இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். கணுக்காலைப் பார்த்து வீசுகிற வீச்சை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த விதி எவ்வளவு சரி என்று தெரியும்.

தொந்தரவு என்னவென்றால், ஐந்தாம் லெவலில் அவன் முறை வரும்போதெல்லாம் இரண்டு அடி. ஒவ்வொரு அடிக்கும் நான் சேவ் உருட்டி, எண்ணைக் கூட்டி, பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் முறுக்குத் தட்டைக் காலி செய்துவிடுவார்கள். இதற்கு வழி: சேவுக்கான இலக்கை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஷீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். 8, அடிக்கும் திறனின் மாடிஃபையர் (கூட்டு எண்), புரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான எண்), மூன்றையும் கூட்டினால் வரும். அவனுக்கு 8+4+3, அதாவது 15. எதிரியின் சேவ் போனஸை நான் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அவன் வெள்ளை டி20-ஐத் தன் அடிக்கும், சிவப்பு டி20-ஐ எதிரியின் சேவுக்கும் ஒன்றாகவே உருட்டுவான். அடி விழவில்லையா, சிவப்பைப் பார்க்கவே வேண்டாம். நீள வாளுக்கு உள்ள சாப் என்ற மாஸ்டரியில் வேறு பிரச்சினை: எதிரியின் அடுத்த அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிச் சிறியது) என்பது அவன் முறை வருவதற்குள் எல்லாருக்கும் மறந்துவிடும். அந்த எதிரியின் பொம்மை பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள், போதும்.

பாலடின் வைத்திருப்பவரிடம் தனியாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். முன்பு அடி பட்ட பிறகு யோசித்து ஸ்மைட்டை (கூடுதல் தெய்வீக சேதம்) சேர்க்கலாம், எத்தனை அடி பட்டாலும் அத்தனைக்கும் சேர்க்கலாம். இப்போது அது ஒரு ஸ்பெல் (மந்திரம்), முறைக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், ஒரு முறைக்கு ஒன்றுதான். தொட்டுக் குணமாக்கும் லே ஆன் ஹேண்ட்ஸையும் போனஸ் ஆக்‌ஷனாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் இரண்டும் அதே ஒரு போனஸ் ஆக்‌ஷனுக்கு அடித்துக்கொள்ளும். எங்கள் பாலடின், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. விஷயத்தைச் சொன்னதும், “புக்கு எழுதினவன் எவனோ பாலடின்கிட்ட நல்லா வாங்கிருக்கான் வே” என்றார். டிஎம்மாக எனக்கு நிம்மதிதான், கடைசி வில்லன் ஒரே சுற்றில் சாகமாட்டான். அண்ணாச்சி இடத்தில் நான் இருந்தால் எனக்கும் எரிச்சல் வந்திருக்கும்.

மாறப் போவதில்லை என்பவர்களும் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். குணமாக்கும் மருந்தைப் போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்பது ஒன்று. பாதி மேசைகளில் ஏற்கெனவே அப்படித்தான். காயம் ஆற்றும் ஸ்பெல்லான க்யூர் வூண்ட்ஸ் 1டி8-இலிருந்து 2டி8 ஆனது இன்னொன்று. களைப்பு விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழையதில் ஆறு படிக்கும் ஆறு விதமான தண்டனை, அட்டவணையைத் தேடியே களைத்துப்போவோம். புதியதில் படிக்கு 2 வீதம் டி20-இல் கழியும், நடக்கும் வேகத்தில் 5 அடி தூரம் குறையும், ஆறாவது படியில் சாவு. சித்திரை வெயிலில் தண்ணீர் இல்லாமல் தேரிக்காட்டைக் கடக்க வைத்துப் பாருங்கள், பயம் தானாக வரும்.

திடீர்த் தாக்குதல் விதியை மட்டும் நான் எடுக்கவில்லை. முன்பு பதுங்கியிருந்து பாய்ந்தால் எதிரிக்கு முதல் சுற்றே போய்விடும். இப்போது இனிஷியேட்டிவில் (யார் முதலில் என்று உருட்டுவதில்) டிஸ்அட்வான்டேஜ், அவ்வளவுதான். அரை மணி நேரம் பேசித் திட்டம் போட்டவர்களுக்கு அது போதாது. பழைய விதியை வைத்துக்கொண்டோம், அவர்கள் மாட்டினாலும் அதே விதிதான் என்ற உடன்பாட்டோடு.

ஒருவர் மட்டும் பழைய ஷீட்டிலேயே இருப்பேன் என்றால் இருக்கட்டும். ஆனால் ஸ்பெல்லில் இரண்டு கணக்கு வேண்டாம். புதுப் புத்தகத்தில் இருக்கும் ஸ்பெல் என்றால் எல்லாருக்கும் புது வடிவம்தான், இல்லையென்றால் அடுத்தவர் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல் வரும்போது சண்டை மேசைக்கு மேலே நடக்கும்.

மாறும் சமயத்தில் யாராவது கேரக்டரையே மாற்றிக்கொள்கிறேன் என்றால் மறுக்காதீர்கள். பழையவர் ஊரிலேயே தங்கிவிட்டார் என்று கதையில் சொல்லிக்கொள்ளலாம். எல்லாரும் புது விதிக்குக் கை தூக்கினபோது அண்ணாச்சி தூக்கவில்லை. அடுத்த ஞாயிறு மாங்க் (துறவி வீரர்) ஷீட் ஒன்றை எழுதி, கடையிலேயே லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.