ஒரு விண்மீன் மண்டலத்தின் வேகத்தை நாமே கணக்கிடலாம்

ஒரு விண்மீன் மண்டலம் எவ்வளவு வேகமாக விலகிப்போகிறது என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். கஷ்டமெல்லாம் ஒளியைச் சேர்ப்பதில்தான் இருந்தது. 1912-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், லோவெல் வானாய்வகத்தின் 24 அங்குலத் தொலைநோக்கியை வெஸ்டோ ஸ்லைஃபர் நமக்குப் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆந்த்ரோமெடாவை நோக்கித் திருப்பினார். மங்கலான அந்த ஒளி ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டில் பதிய மணிக்கணக்கில் காத்துக்கிடந்தார். பலரும் பின்னால் வந்த வானியலாளர் ஹபிளிடமிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். நாம் ஸ்லைஃபரிடமிருந்து தொடங்குவோம்.

படி 1: கோட்டைப் பிடியுங்கள்

மண்டலத்தின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால் நிறமாலை கிடைக்கும். அதன் ஊதாப் பக்கத்தில் இரண்டு கருங்கோடுகள் அருகருகே தெரியும். விண்மீன்களின் வளிமண்டலத்தில் உள்ள கால்சியம் அந்த இடத்து ஒளியை விழுங்கிவிடுகிறது. அவற்றில் 'கே' கோட்டின் இயல்பான அலைநீளம் 393.37 நானோமீட்டர். இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கழியுங்கள்

ஸ்லைஃபர் வெளியிட்ட வேகத்தின்படி, ஆந்த்ரோமெடாவின் கே கோடு 392.98-இல் விழும். 392.98-இலிருந்து 393.37-ஐக் கழித்தால் −0.39. கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். கோடு நீலப் பக்கம் நகர்ந்திருக்கிறது, அதாவது மண்டலம் நம்மை நோக்கி வருகிறது.

படி 3: வகுத்துப் பெருக்குங்கள்

0.39-ஐ 393.37-ஆல் வகுத்து, ஒளியின் வேகமான 3,00,000-ஆல் (நொடிக்குக் கிலோமீட்டரில்) பெருக்குங்கள். நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்! (நகர்வு சிறிதாக இருக்கும்வரைதான் இந்த எளிய கணக்கு செல்லும்.)

ஆனால் ஆந்த்ரோமெடா ஒரு விதிவிலக்கு. 1917-க்குள் ஸ்லைஃபர் அளந்த 25 மண்டலங்களில் 21 விலகிப்போய்க்கொண்டிருந்தன. அவற்றின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. இதுதான் செம்பெயர்ச்சி.

சரி, இன்னொன்றைப் போட்டுப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில், முன்பு கோவேறு கழுதை ஓட்டியவரும் ஆய்வகத்தைத் துப்புரவு செய்தவருமான மில்டன் ஹியூமசன், என்.ஜி.சி. 7619 என்ற மண்டலத்தை 1929-இல் அளந்தார். அவர் தந்த வேகத்துக்குக் கே கோடு 398.33-இல் இருக்க வேண்டும். நகர்வு 4.96. அதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 3,780 வரும். ஹியூமசன் வெளியிட்டது 3,779.

படி 4: தூரம்

தூரம் கூடக்கூட வேகமும் கூடுகிறது என்று எட்வின் ஹபிள் அதே ஆண்டில் காட்டினார். பெல்ஜிய வானியலாளர் லெமெத்ர் 1927-லேயே விரிவடையும் பிரபஞ்சத்தை எழுதியிருந்தார். ஹபிளின் கணக்கில் ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) வேகம் நொடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் கூடியது. இன்றைய மதிப்பு ஏறக்குறைய 70. இரண்டாலும் 3,780-ஐ வகுத்து, வரும் மெகாபார்செக்கை ஒளியாண்டாக்கிப் பாருங்கள்: ஹபிளின் எண்ணுக்குச் சுமார் 2.5 கோடி ஒளியாண்டு, இன்றைய எண்ணுக்கு 17.6 கோடி. வேகம் சரியாகவே இருந்தது. தூரத்தைத்தான் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். தூரம் காட்டும் செஃபீட் விண்மீன்களில் (ஒளி சீராகக் கூடிக் குறைபவை) இரண்டு வகை இருப்பது அப்போது தெரியாததும் ஒரு காரணம்.

இந்தக் கடைசிப் படியை ஆந்த்ரோமெடாவுக்கு மட்டும் போடாதீர்கள். அவ்வளவு பக்கத்தில் விரிவைவிட ஈர்ப்பின் கைதான் ஓங்கியிருக்கிறது.