மீட்பு விலங்குகளின் காப்பகம் உண்மையானதா என்று கண்டறிவது எப்படி

சர்க்கஸ் கூடாரங்களிலிருந்தும், தனியார் வீடுகளிலிருந்தும், மருந்துக்காகக் கரடிகளின் பித்தநீரை எடுக்கும் பண்ணைகளிலிருந்தும், கடத்தல்காரர்களின் பெட்டிகளிலிருந்தும் மீட்கப்பட்ட விலங்குகளை அவற்றின் ஆயுள் முடியும்வரை வைத்துப் பராமரிக்கும் காப்பகங்கள் உலகெங்கும் உள்ளன. அதே பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு, குட்டிகளை ஈன வைத்து, அவற்றைப் பார்வையாளரின் மடியில் கிடத்திப் படம் எடுப்பதற்குக் கட்டணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. பல நாடுகளில் ‘காப்பகம்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், நுழைவுச்சீட்டு வாங்குவதற்கும், நன்கொடை அனுப்புவதற்கும், தன்னார்வலராகப் பெயர் கொடுப்பதற்கும் முன்னால் நாமே விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே சொல்லப்படும் சோதனைகள் எல்லாம் ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தான்: அந்த இடம் விலங்கின் தேவைக்காக அமைக்கப்பட்டிருக்கிறதா, அதைப் பார்க்க வருபவரின் விருப்பத்துக்காக அமைக்கப்பட்டிருக்கிறதா?

புறப்படும் முன்

முதலில் அந்த இடத்தின் விளம்பரங்களையும் படங்களையும் பாருங்கள். அங்கே குட்டிகள் பிறக்கின்றனவா என்பதே நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் செய்தி. வளர்ப்புச் சூழலில் ஒரு புலி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். சிம்பன்சி ஐம்பது ஆண்டுகளைத் தாண்டக்கூடும். பெரிய மக்காவ் கிளிகளும் அதே அளவு காலம் இருக்கக்கூடியவை. இடமும் பணமும் எப்போதும் போதாமல் இருக்கும் ஒரு காப்பகத்தில் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும், வெளியே எங்கோ இரும்புக் கூண்டில் காத்திருக்கும் இன்னொரு விலங்கின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே நல்ல காப்பகங்கள் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்கும்போது கருத்தடை செய்கின்றன. ஆப்பிரிக்காவில் அனாதைச் சிம்பன்சிகளை வளர்க்கும் காப்பகங்கள் பெண் சிம்பன்சிகளுக்குத் தோலடியில் கருத்தடை மருந்து பொருத்துவது வழக்கமான நடைமுறை. காட்டில் விடுவதற்கென்றே திட்டமிட்டு, அதற்குரிய வனப்பகுதியும் அறிவியல் கண்காணிப்பும் கொண்ட இனப்பெருக்கத் திட்டங்கள் மட்டுமே இதற்கு விலக்கு.

வெள்ளைப் புலியைப் ‘பாதுகாக்க’ இனப்பெருக்கம் செய்கிறோம் என்று ஓர் இடம் சொன்னால் அதை நம்ப வேண்டாம். வெள்ளைப் புலி தனி இனமன்று. நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் மாறுபாடு. இன்று கூண்டுகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை, 1951இல் இந்தியாவின் ரேவா பகுதியில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற ஒரே ஆண் புலியின் வழித்தோன்றல்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்ததால் மாறுகண் உள்ளிட்ட உடற்குறைகள் அவற்றிடம் மிகுதி. சிங்கத்தையும் புலியையும் இணை சேர்த்துப் பெறும் லைகரைப் ‘பாதுகாக்க’ இனப்பெருக்கம் செய்கிறோம் என்றாலும் நம்ப வேண்டாம். முதிர்ந்த வெள்ளைப் புலியோ லைகரோ ஒரு காப்பகத்தில் இருப்பது குற்றமாகாது. அவை எங்கிருந்தோ மீட்கப்பட்டிருக்கலாம். அவற்றின் குட்டிகள் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது தொடுதல். புலிக்குட்டியைக் கையில் கொடுக்கும் தொழில், குட்டியைப் பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிப்பதில் தொடங்குகிறது. சில வாரங்களே அது மடியில் வைக்கத்தக்கதாக இருக்கும். பிறகு அதன் பற்களும் நகங்களும் ஆபத்தாகிவிடும். எனவே தொழில் நடக்க வேண்டுமானால் புதிய குட்டிகள் தொடர்ந்து பிறந்துகொண்டே இருக்க வேண்டும், வளர்ந்தவை எங்காவது போய்ச் சேர வேண்டும். எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் அரிதாகவே கிடைக்கும். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், புலி, சிங்கம் போன்ற பெரும்பூனைகளைப் புதிதாக வீட்டு விலங்காக வாங்கி வைப்பதையும் பொதுமக்கள் அவற்றைத் தொடுவதையும் தடை செய்தது. யானை மீது சவாரி, பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம், தேவாங்கைக் கையில் ஏந்துதல் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவையே. படங்களில் கைகளை உயர்த்தி நிற்கும் தென்கிழக்காசியத் தேவாங்கு இனங்கள் அச்சத்தில் அப்படிச் செய்கின்றன. முழங்கை அருகே உள்ள சுரப்பியின் நீரை எச்சிலோடு கலந்து கடிப்பதற்கான தற்காப்பு நிலை அது.

தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் புலிக் கோயில் என்று அறியப்பட்ட இடம் பல ஆண்டுகள் புலிகளின் புகலிடமாகவே தன்னைக் காட்டிக்கொண்டது. 2016இல் வனவிலங்கு அதிகாரிகள் அங்கிருந்து 137 புலிகளை வெளியேற்றினார்கள். உறைபெட்டியில் இறந்த குட்டிகள் நாற்பது கிடைத்தன. அதோடு துன்பம் முடியவில்லை. அதற்கு முன்பே எடுத்துச் செல்லப்பட்டவற்றையும் சேர்த்து அந்தக் கோயிலிலிருந்து கைப்பற்றப்பட்ட 147 புலிகளில் 86 இறந்துவிட்டன என்று 2019இல் அதிகாரிகள் தெரிவித்தார்கள். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரசும் குரல்வளைச் செயலிழப்பும், உறவுக்குள் இணை சேர்த்ததால் குன்றிய உடல்நலமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மீட்பு நாளோடு கதை முடிந்துவிடுவதாகப் பேசும் எவரையும் நாம் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

அங்கீகாரத்தையும் பாருங்கள். 2007இல் தொடங்கப்பட்ட விலங்குக் காப்பகங்களின் உலகக் கூட்டமைப்பு, வணிக நோக்கிலான இனப்பெருக்கமும் விற்பனையும் கூடாது, பொதுமக்கள் காட்டு விலங்கைத் தொடக்கூடாது, காட்சிக்காக விலங்கை வெளியே கொண்டு செல்லக்கூடாது என்ற நெறிகளின்படி நேரில் ஆய்வு செய்து சான்று தருகிறது. 2000இல் அமைந்த அனைத்து ஆப்பிரிக்கக் காப்பகக் கூட்டணி, குரங்கினங்களைக் காக்கும் ஆப்பிரிக்கக் காப்பகங்களை ஒன்றிணைக்கிறது. சான்று இல்லாத சிறிய காப்பகம் மோசமானது என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. அந்த நெறிகளை அவர்கள் தாங்களாகவே கடைப்பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். கணக்குகளையும் பார்க்கலாம்: அமெரிக்காவில் அறக்கட்டளைகள் வருமான வரித்துறைக்கு அளிக்கும் 990 படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது, இங்கிலாந்திலும் வேல்சிலும் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் ஆண்டறிக்கைகள் கிடைக்கும்.

எழுதிக் கேட்க வேண்டியவை

இங்குள்ள விலங்குகளை ஏன் காட்டில் விடவில்லை என்ற கேள்விக்கு ஒட்டுமொத்தமாக ஒரே பதில் வந்தால் அது போதாது. மனிதக் கையில் வளர்ந்து வேட்டையே அறியாத சிறுத்தை, கலப்பினமாகப் பிறந்து எந்த நிலப்பகுதிக்கும் உரியதாக இல்லாத புலி, காட்டிலுள்ள தன் இனத்துக்குக் காசநோயைக் கொண்டு செல்லக்கூடிய யானை, திரும்பிப் போவதற்கு வாழிடமே மிஞ்சாத குரங்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். தன் விலங்குகளை அறிந்த காப்பகம் பெயர் சொல்லி அந்தக் காரணங்களை விளக்கும்.

புதிதாக வரும் விலங்கை எவ்வளவு நாள் தனிமைப்படுத்துகிறீர்கள் என்றும் கேளுங்கள். பல இனங்களுக்குக் குறைந்தது முப்பது நாள் என்பது பரவலான நடைமுறை. இரத்தம், மலம், ஒட்டுண்ணி ஆகியவற்றைப் பரிசோதித்து முடிக்கும்வரை அந்த விலங்குக்குத் தனி ஆட்களும் தனிக் கருவிகளும் ஒதுக்குவார்கள்.

பிறகு, நேரடியாகக் கேட்கப் பலர் தயங்கும் கேள்வி: நிறுவனர் இறந்துவிட்டால் இந்த விலங்குகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒருவருடைய பரிவால் மட்டும் தொடங்கப்பட்ட காப்பகங்கள் அந்த ஒருவர் நோயுற்றதும் நிலைகுலைவது இந்தத் துறையில் தொடர்ந்து நடக்கிற துயரம். மாற்று நிர்வாகக் குழு, சில மாதங்களுக்கான உணவுச் செலவைத் தாங்கும் சேமிப்பு, காட்டுத்தீயோ வெள்ளமோ வந்தால் விலங்குகளை இடம் மாற்றும் திட்டம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். “இப்போது இடமில்லை, எடுத்துக்கொள்ள முடியாது” என்று சொல்லத் துணியும் காப்பகத்தை நான் மதிக்கிறேன். வருகிற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு எதையும் சரியாகப் பராமரிக்க முடியாமல் திணறுவது கருணையாகாது.

நேரில் பார்க்கும்போது

நல்ல காப்பகத்துக்குப் போனால் சில விலங்குகள் கண்ணில் படாமலே போகலாம். இதை ஏமாற்றமாக எண்ண வேண்டாம். அடைப்பிடத்துக்குள் புதர், குகை, உயரமான மேடை, பார்வையாளர் எட்டாத பின்கட்டு என்று மறைவதற்குரிய இடங்கள் இருக்கின்றனவா என்பதையே முதலில் பாருங்கள். எல்லாப் பக்கமும் மனிதர்கள் சூழ்ந்து நிற்கும்படியான வட்டக் கூண்டு, விலங்கு விலகிச் செல்லும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. பல உண்மையான காப்பகங்கள் பொதுமக்களை அனுமதிப்பதே இல்லை. அனுமதிப்பவையும் வழிகாட்டியோடு சிறு குழுக்களாக மட்டுமே உள்ளே விடுகின்றன.

அடுத்து விலங்கின் நடமாட்டம். ஒரே தடத்தில் முன்னும் பின்னும் ஓயாமல் நடத்தல், தலையை ஆட்டிக்கொண்டே இருத்தல், கம்பியைக் கடித்தல், கிளி தன் இறகைத் தானே பிடுங்குதல் ஆகியவை மன நெருக்கடியின் அடையாளங்கள். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களான ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கையில் பரந்த எல்லையில் திரியும் ஊனுண்ணிகளிடமே கூண்டில் இத்தகைய நடையும் குட்டிகளின் இறப்பும் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. ஆயினும் ஒரு விலங்கு அப்படி நடப்பதைக் கண்டவுடன் காப்பகத்தைக் குறைகூறிவிடக் கூடாது. பல ஆண்டுகள் சர்க்கஸ் வண்டியில் அடைபட்டுக் கிடந்த கரடி, விரிந்த புல்வெளிக்கு வந்த பிறகும் வண்டியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் மட்டுமே நடந்து திரும்பக்கூடும். பழைய காயம் அது. வந்த நாளிலிருந்து இப்பழக்கம் குறைந்திருக்கிறதா, எந்த நேரத்தில் அதிகமாகிறது, அதற்காக என்ன செய்கிறீர்கள் என்று பராமரிப்பாளரிடம் கேளுங்கள். அக்கறையுள்ளவர்கள் இதற்கென்று குறிப்பேடு வைத்திருப்பார்கள்.

என்ன செய்கிறார்கள் என்பதை அடைப்பிடத்திலேயே ஓரளவு காணலாம். உணவைத் தட்டில் கொட்டாமல் மரப்பொந்திலும் உயரத்திலும் ஒளித்து வைப்பது, சிம்பன்சிகள் மாலையில் படுக்கை அமைத்துக்கொள்ள இலைகளும் வைக்கோலும் தருவது, கிளி கொத்திக் கிழிக்க மரத்துண்டு கொடுப்பது, புதிய மணங்களைத் தூவிப் பூனையினங்களைத் தேட வைப்பது ஆகியவை எல்லாம் விலங்குக்கு அன்றைய நாளில் செய்வதற்கு ஏதாவது ஒரு வேலையைக் கொடுக்கின்றன. சமூகமாக வாழும் இனத்தைத் தனியாக வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். பழகாத இரண்டு குரங்குகளைச் சேர்த்து வைக்க வாரங்கள் பிடிக்கும் என்பதும், சில ஒருபோதும் சேராது என்பதும் நியாயமான விளக்கங்களே.

உடலுக்கு நேர்ந்த பழைய கேடுகளை அந்த இடம் எப்படி ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நகம் நீக்கப்பட்ட புலிக்கு உண்மையில் விரலின் கடைசி எலும்பே வெட்டப்பட்டிருக்கிறது. வயதாகும்போது மூட்டு வலியால் அது தத்தளிக்கும் என்பதால் தாழ்ந்த மேடையும் சாய்தளமும் வேண்டும். பித்தநீர்ப் பண்ணையிலிருந்து வந்த கரடிகளில் பலவற்றுக்கு அழற்சியுற்ற பித்தப்பையை அறுவை செய்து நீக்க வேண்டியிருக்கிறது. கான்கிரீட் தரையில் ஆண்டுக்கணக்கில் நின்ற யானைக்குப் பாதப்புண்ணும் மூட்டுநோயும் இருக்கும். அது படுத்துறங்க மண்மேடு தேவை. வெயிலோ புற ஊதா விளக்கோ இன்றி வளர்க்கப்பட்ட பச்சை ஓணான் வகையான இகுவானாவின் கால் எலும்புகள் வளைந்திருக்கும். விதைகளை மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்கு வைட்டமின் ஏ குறைபாடும் கல்லீரல் கொழுப்பும் வந்திருக்கும்.

பாதுகாப்பை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம்: ஆபத்தான விலங்கின் அடைப்பிடத்தில் ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்கும் இரட்டைக் கதவு இருக்க வேண்டும். பராமரிப்பாளரும் அதே இடத்துக்குள் புலியோடோ கரடியோடோ நின்றால் அது வீரமாகாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, உணவைப் பரிசாகக் கொடுத்து, விலங்கு தானாகவே காலையோ தோளையோ கம்பியருகே கொண்டுவந்து காட்டும்படி பழக்குவது இன்றைய நல்ல முறை. இரத்தம் எடுப்பதும் தடுப்பூசி போடுவதும் இப்படி மயக்க மருந்தின்றியே நடக்கின்றன. விலங்கு வர மறுத்தால் அன்று விட்டுவிடுகிறார்களா என்று பாருங்கள்; எனக்கு இந்த ஒன்றே மற்ற பல விவரங்களைவிட அதிகம் சொல்லும்.

உதவுவது

பணம் தருவதானால், ஒருமுறை பெருந்தொகை கொடுப்பதைவிட மாதந்தோறும் சிறுதொகை தருவது காப்பகத்துக்குப் பயன்படும். இறைச்சிக்கும் ஊதியத்துக்கும் ஆகும் செலவு எல்லா மாதமும் வருகிறது. குட்டிகளுக்குப் புட்டிப்பால் ஊட்டலாம் என்று கட்டணம் கேட்டுத் தன்னார்வலர்களை அழைக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல இடங்களில் தன்னார்வலரின் வேலை காய்கறி நறுக்குவதும், வேலியைச் செப்பனிடுவதும், சாணம் அள்ளுவதுமாகவே இருக்கும். மனித நோய்கள் எளிதில் தொற்றும் என்பதால் குரங்கினக் காப்பகங்கள் காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பூசிச் சான்றும் கேட்கும். முகமூடி அணியச் சொல்லும்.

காட்டு விலங்கும் மனிதரும் அருகருகே நிற்கும் படத்தைப் பகிர வேண்டாம். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிம்பன்சியின் அருகே மனிதர் நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள், அது காட்டில் போதிய எண்ணிக்கையில் இருப்பதாகவும் வீட்டில் வளர்க்க ஏற்றது என்றும் எண்ணுவது கூடியது.

உங்களிடமே ஒரு அயல்நாட்டு விலங்கு இருந்து, அதைப் பராமரிக்க இயலாமல் போனால், குளத்திலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள். அப்படி விடப்பட்ட செங்காது ஆமைகள் இன்று பல கண்டங்களில் உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடங்களையும் பறித்துக்கொண்டிருக்கின்றன. காப்பகத்துக்கு எழுதும்போது விலங்கின் வயது, பால், வாங்கிய விதம், உரிம ஆவணங்கள், இதுவரை கொடுத்த உணவு, கடித்த நிகழ்வுகள் ஆகிய எல்லாவற்றையும் மறைக்காமல் தெரிவியுங்கள். சங்கடமான உண்மையே மருத்துவருக்கு அதிகம் உதவும். இடமில்லை என்று பதில் வந்தால், வேறு எந்தக் காப்பகத்தை அணுகலாம் என்று அவர்களிடமே கேட்கலாம். ஏற்றுக்கொண்டால், பராமரிப்புச் செலவில் ஒரு பங்கைத் தர முன்வாருங்கள். உணவு திடீரென மாறினால் வயிறு கெடும் என்பதால், அது பழகிய உணவில் சில நாட்களுக்கு வேண்டியதையும் பெட்டியோடு சேர்த்து அனுப்பி வையுங்கள்.