துப்புத் துலங்காத குழந்தைக் கொலை வழக்குகளை விவாதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடி, துப்புத் துலங்காமல் நின்றுபோன வழக்குகளைப் படித்து விவாதித்து வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மருந்துக் கடை வைத்திருப்பவர் ஒருவர், சட்டக் கல்லூரி மாணவர்கள் இருவர், நீதிமன்றத்தில் நெடுங்காலம் எழுத்தராகப் பணிபுரிந்த நான் என ஐந்து பேர். எங்கள் பேச்சில் மிகுதியாக இடம்பெற்றது, 1996 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், தன் வீட்டின் நிலவறையிலேயே கொல்லப்பட்டுக் கிடந்த ஆறு வயதுச் சிறுமியின் வழக்கு. அக்குழந்தையின் பெயரை உலகமே அறியும். ஆயினும் நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அந்த வழக்கைப் பேசுகையில் நாங்கள் செய்த தவறுகளையும், நம் மாவட்டத்தில் ஒரு குழந்தையின் மரணத்தில் சந்தேகம் எழுந்தவுடன் தேநீர்க் கடை முதல் வாட்ஸ்அப் குழு வரை நடக்கும் தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை ஒரே வேரில் கிளைத்தவை என்பது புலப்பட்டது. என்ன தெரியும், அது எப்படித் தெரியும் என்று கேட்பதற்கு முன்பே யார் செய்தது என்று கேட்டுவிடுகிறோம். ஆளை முதலில் முடிவுசெய்துவிட்டால், பிறகு கைக்கு வரும் ஒவ்வொரு தடயத்தையும் அந்த ஆளின் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவைப்போம்.

போல்டர் வழக்கில் நெடுநாள் உலவிய வாதம் ஒன்று உண்டு. வீட்டைச் சுற்றிப் பனி கிடந்தது, பனியில் காலடித் தடம் இல்லை, ஆகவே வெளியாள் எவரும் வரவில்லை என்பது அது. கேட்பதற்கு அசைக்க முடியாத வாதம்போலத் தோன்றுகிறது. ஆனால் வீட்டை ஒட்டிய நடைபாதைகளில் பனியே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. மழை பெய்த மறுநாள் கேழ்வரகுக் கொல்லையின் ஈர மண்ணில் தடம் இல்லையென்றால் அதற்குப் பொருள் உண்டு. அதே கொல்லையின் ஓரத்துப் பாறைமேல் தடம் இல்லை என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தில் நடந்து பழகிய எவருக்கும் இது விளங்கும். ஒரு தடயம் இல்லை என்று வாதிடும் முன், அது பதிவதற்கு அங்கே இடம் இருந்ததா என்று கேட்க வேண்டும். அந்தச் செய்தியை முதலில் சொன்னவர் யார், அவர் நேரில் பார்த்தாரா, பார்த்ததை அன்றே எழுதிவைத்தாரா என்பனவும் அதனுடன் சேர்ந்து வர வேண்டிய கேள்விகள். நீதிமன்றத்தில் பார்வை மகசருக்கும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) வரைபடத்திற்கும் இருக்கும் மதிப்பு, அவை சம்பவ இடத்திலேயே எழுதப்படுவதால் வருவது.

அடுத்த தவறு, இரு பக்கமும் பொருந்தும் தடயத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் சாட்சியாக்குவது. அந்த வீட்டில் இரண்டரைப் பக்கக் கடிதம் ஒன்று கிடைத்தது. குழந்தையைக் கடத்தியிருப்பதாகவும் 1,18,000 டாலர் தர வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்த அக்கடிதத்தின் தாள், அதே வீட்டிலிருந்த குறிப்பேட்டிலிருந்து கிழிக்கப்பட்டது. கேட்கப்பட்ட தொகை தந்தை பெற்றிருந்த போனஸ் தொகைக்கு ஏறத்தாழச் சமமானது. வீட்டாரைச் சந்தேகிப்பவர்கள் இதையே பெரிய சான்றாகக் காட்டுகிறார்கள். வெளியாளைச் சந்தேகிப்பவர்கள், வீட்டுக்குள் நெடுநேரம் ஒளிந்திருந்தவன் காகிதங்களைப் பார்த்து அத்தொகையை அறிந்திருக்கலாம் என்கிறார்கள். இரு கதைகளுக்கும் இடம் கொடுக்கும் தடயம், அவற்றில் எது உண்மை என்று சொல்லும் வலிமையற்றது. 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழ்நிலைச் சாட்சியத்துக்கு வகுத்த ஐந்து நெறிகளின் சாரம் இதுதான்: நிறுவப்பட்ட உண்மைகள் குற்றவாளி இவரே என்பதோடு மட்டும் பொருந்தினால் போதாது, அவர் நிரபராதியாக இருக்கக்கூடிய நியாயமான வழிகள் அனைத்தையும் அவை அடைத்துவிட வேண்டும்.

எங்கள் வட்டத்தில் மிகக் கடுமையான வாக்குவாதம் தாயின் முகத்தைப் பற்றித்தான் நடந்தது. பேட்டியில் அவர் அழுத விதம் நடிப்பு என்றார் ஒருவர். அழாமல் பேசிய இடம்தான் சந்தேகத்துக்குரியது என்றார் மற்றொருவர். எழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைக்காதவரை ஊர் ஒரு மாதிரியாகப் பார்ப்பது நமக்குத் தெரியும். பித்துப் பிடித்ததுபோல் உட்கார்ந்திருக்கும் தாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் வழக்கு என்று வந்தவுடன் அதை மறந்துவிடுகிறோம்.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா விலை கொடுத்தது. 1980 ஆகஸ்டில் உலுரு பாறை அருகே முகாமிட்டிருந்த குடும்பத்தின் ஒன்பது வாரப் பெண் குழந்தை காணாமற்போனது. டிங்கோ எனும் காட்டுநாய் தூக்கிச் சென்றதாகத் தாய் சொன்னார். தொலைக்காட்சியில் அவர் கலங்காமல் பேசியதே மக்களை அவருக்கு எதிராகத் திருப்பியது. குடும்பத்தின் காரில் சிசுவின் இரத்தம் இருந்ததாக நிபுணர்கள் சாட்சியமளிக்க, 1982-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த இரத்தக்கறை என்று சொல்லப்பட்டதில் முக்கியமானது, சத்தத்தைக் குறைக்கக் கார்த் தொழிற்சாலையில் தெளிக்கப்பட்ட பூச்சுப் பொருள் என்பது பின்னர் வெளிப்பட்டது. 1986-இல் குழந்தையின் மேலாடை பாறையின் அருகே தற்செயலாகக் கிடைத்தபின் அவர் விடுவிக்கப்பட்டார். 1988-இல் தண்டனை ரத்தானது. 2012-இல்தான் மரணத்துக்குக் காரணம் டிங்கோ என்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. கொலையே நடக்காத ஒன்றில் கொலைகாரியைக் கண்டுபிடித்தார்கள். அந்த 32 ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கறை இருக்கிறது என்பது ஒன்று, அது இரத்தம் என்பது வேறொன்று, யாருடைய இரத்தம் என்பது மூன்றாவது. முதலாவதிலிருந்து மூன்றாவதுக்குத் தாவக் கூடாது.

மரபணுச் சோதனை வந்தபின் இத்தகைய தவறுகள் ஒழிந்துவிட்டன என்று பலர் நம்புகிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 40 குற்றச் சம்பவ இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்ததால், ஹைல்பிரான் நகரில் கொல்லப்பட்ட காவலரின் வழக்கு உட்பட எல்லாவற்றிலும் அவரையே தேடினார்கள். 2009-இல் தெரிந்த உண்மை, அந்த மரபணு, மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணுடையது என்பதே. போல்டர் சிறுமியின் உள்ளாடையில் கிடைத்த ஆண் மரபணு குடும்பத்தார் எவருடனும் பொருந்தவில்லை. 2008-இல் மாவட்ட அரசு வழக்கறிஞர் அதைக் காட்டியே குடும்பத்தாரைக் குற்றமற்றவர்கள் என்று கடிதம் எழுதினார். அது கொலையாளியின் மரபணுவாகவே இருக்கலாம், துணியைக் கையாண்ட வேறு ஒருவருடையதாகவும் இருக்கலாம். பொருந்தும் ஆள் கிடைத்து, அவர் அங்கே எப்படி வந்தார் என்பது விளங்கும்வரை இரண்டையும் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

எண்களிலும் ஒரு கண்ணி உண்டு. முழுமையற்ற மரபணு மாதிரி ஒன்று லட்சத்தில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்று நிபுணர் சொன்னால், பொருந்தியவர் குற்றவாளியாக இல்லாதிருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 18.8 லட்சம். அப்படியானால் இந்த ஒரு மாவட்டத்திலேயே சுமார் 19 பேருக்கு அது பொருந்தக்கூடும். வேறு சாட்சியம் எதுவும் இல்லையென்றால், பிடிபட்டவர் அந்தப் பத்தொன்பதில் ஒருவர், அவ்வளவே.

உடலைப் பற்றிய குறிப்புகளில் மருத்துவம் படிக்காத நாம் இன்னும் நிதானிக்க வேண்டும். உடல் விறைப்பு வெப்பத்தில் விரைந்து வந்து விரைந்து விலகும், குளிரில் தாமதிக்கும், குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் வரும். ஆகவே சித்திரை வெயிலில் புளியந்தோப்பில் கிடந்த உடலுக்கும் டிசம்பர் மாதத்து நிலவறையில் கிடந்த உடலுக்கும் ஒரே மணிக்கணக்கைப் போட முடியாது. இறந்தபின் எறும்பு கடித்த இடங்கள் சிராய்ப்புக் காயம்போலத் தோன்றும் என்பதும் நம் பக்கத்தில் அறிந்திருக்க வேண்டியது. கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கி, அடித்த காயம் என்று வட்டமிட்டு அனுப்புகிறவர்கள் இதை அறியாதவர்கள்.

ஒப்புதல் வாக்குமூலம் வந்துவிட்டது என்றால் வழக்கு முடிந்தது என்று நினைப்பது நம் நாளிதழ்களே நமக்குப் பழக்கிய தவறு. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படாது; அதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டுமே ஏற்கப்படும். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் தானாக வந்து ஒப்புக்கொண்டார் என்று எழுதப்பட்ட வழக்குகளிலும், அவரை ஏன் தேடிப் போனார் என்ற கேள்வியில் பல விழுந்ததை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். போல்டர் வழக்கில் 2006 ஆகஸ்டில் தாய்லாந்தில் பிடிபட்ட ஒருவர், குழந்தை இறந்தபோது தான் உடனிருந்ததாக உலகத்தின் முன் சொன்னார். மரபணு பொருந்தவில்லை, இரண்டு வாரங்களுக்குள் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. செய்யாத கொலையை ஒருவர் ஏற்றுக்கொள்வாரா என்று எங்கள் ஆசிரியர் நண்பர் கேட்டபோது, நான் இதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

சந்தேகம் முதலில் யார்மேல் பாய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2008 மே மாதம் நொய்டாவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது காணாமற்போன வீட்டுப் பணியாளரே கொலையாளி என்று முதல் நாள் சொல்லப்பட்டது. மறுநாள் அவர் உடலும் அதே வீட்டு மொட்டைமாடியில் கிடைத்தது. மேலே செல்லும் கதவை முதலிலேயே திறந்து பார்த்திருந்தால் அந்தப் பழி வந்திராது. பின்னர் பெற்றோர் 2013-இல் தண்டிக்கப்பட்டு, 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். நம் பக்கத்தில் அந்த முதல் பாய்ச்சல் ஓசூர்த் தொழிற்பேட்டையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளிமேலோ, ஊர் ஊராகப் போர்வை விற்பவர்மேலோ, மனநலம் குன்றியவர்மேலோ விழுகிறது. 2018 மே மாதம், நமக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டத்தின் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த குடும்பத்தின் மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துபவர்கள் வந்திருப்பதாக அப்போது பரவியிருந்த வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது.

காவல்துறையையும் அரசையும் நம்ப மறுப்பதற்கு இந்த மண்ணில் காரணம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்து வாச்சாத்தியில் பழங்குடி மக்கள்மேல் நடந்த வன்கொடுமையை அரசு ஊழியர்கள் செய்யவில்லை என்றே முதலில் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம்சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அங்கே வென்றது சந்தேகம் மட்டுமன்று. பாதிக்கப்பட்ட பெண்கள் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையைத் தாங்கி, தாம் கண்டதை மட்டும் சொன்னார்கள். அதிகாரிகளின் அறிக்கையில் ஓட்டை இருக்கிறது என்பதாலேயே நம் மனத்திலுள்ள மாற்றுக் கதை உண்மையாகிவிடாது. அதற்கும் அதே அளவு சாட்சியம் வேண்டும்.

இனி பெயருக்கு வருகிறேன். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம், வசிக்கும் பகுதி ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். இறந்துபோனவருக்கும் கண்ணியம் உண்டு என்பதால் அவர்களின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று 2018-இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. போல்டர் சிறுமிக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் அயலூர்க் குழந்தையின் பெயரையும் படத்தையும் தாராளமாகப் புழங்கிப் பழகிய கை, நம் ஊர்க் குழந்தை என்று வரும்போது தயங்காது என்பதால் எங்கள் வட்டத்தில் இந்த வழக்கத்தை வைத்திருக்கிறோம்.

சந்தேகத்துக்குரியவரின் படத்தைப் பரப்புவதும் அப்படியே. சிறையில் நடத்தப்படும் அடையாள அணிவகுப்பில் சாட்சி ஒருவரைச் சுட்டிக்காட்டும்போது, அவர் அந்த முகத்தைச் சம்பவ இடத்தில் பார்த்தாரா, கைப்பேசியில் பார்த்தாரா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். நீதி வேண்டும் என்று படத்தைப் பகிர்ந்தவரே உண்மையான குற்றவாளி தப்பிக்க வழி செய்திருப்பார்.

உங்களிடம் உண்மையிலேயே ஏதேனும் தகவல் இருந்தால், நீங்கள் பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாக, தேதியும் நேரமும் குறித்து எழுதி, விசாரணை அதிகாரியிடம் கொடுத்து மனு ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். காணொளி என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை நம்ப வேண்டாம். அது சுருங்கியிருக்கும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் போயிருக்கும். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படுவதால், அதைப் பதிவுசெய்த கைப்பேசியையே எதையும் அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.